பொன்னாடையால் சட்டம் நிறைவேறாது!



ஆண்டுதோறும் தைத் திங்களில் நம் தமிழ்ச் சங்க மேடைகளில் ஒரு சடங்கு தவறாமல் நடந்தேறுகின்றது. ஊர் மேயரோ, மாநிலச் சட்டமன்ற உறுப்பினரோ, நல்வாய்ப்பு அமைந்தால் காங்கிரசு உறுப்பினரோ சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுகின்றார். பொன்னாடை போர்த்தப்படுகின்றது. அவர் "வணக்கம்" என்னும் ஒற்றைச் சொல்லைத் தட்டுத் தடுமாறிச் சொன்னவுடன் அரங்கம் அதிரக் கைதட்டுகின்றோம். நிர்வாகிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். மறுநாள் அப்படம் எல்லாக் குழுக்களிலும் வலம் வருகின்றது. "அமெரிக்க அரசியலில் தமிழர்களின் செல்வாக்கு உயர்கிறது" என்று தலைப்பும் இடப்படுகின்றது.

எந்தச் செல்வாக்கு? அந்த உறுப்பினர் அடுத்த மாதம் எந்தச் சட்ட முன்வரைவுக்கு எப்படி வாக்களித்தார் என்று படம் எடுத்துக்கொண்டவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய தொகுதியில் நாம் எத்தனை பேர் வாக்காளராகப் பதிந்துள்ளோம் என்னும் எண்ணிக்கையை எந்தச் சங்கமாவது கையில் வைத்துள்ளதா? சில மாநிலங்களின் ஆளுநர்கள் சனவரித் திங்களைத் தமிழ் மொழி, பண்பாட்டு மாதமாக அறிவித்துள்ளனர். மகிழ்ச்சியே. ஆனால் அத்தகைய அறிவிப்பால் ஆளுநருக்குச் செலவு ஒன்றும் இல்லை. எவருக்கும் எந்த உரிமையும் புதிதாகக் கிடைப்பதில்லை. செலவில்லாததைக் கொடுத்து நம்மை மகிழ்விக்க முடியும் என்று அறிந்தவர்கள், செலவு பிடிக்கும் ஒன்றை நமக்கு ஏன் கொடுக்கப் போகின்றார்கள்?

இக்கேள்வி கசப்பானதுதான். எனினும் நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளின் எதிர்காலம் இதனோடு பிணைந்திருப்பதால் கேட்டே ஆக வேண்டியுள்ளது.

இருமுறை மாண்ட ஒரு சீர்திருத்தம்

நம்மில் பெரும்பாலோர் அறிந்த துயரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள் வழங்கப்படுகின்றன. இவ்வெண்ணிக்கையில் தொழிலாளர் மட்டுமன்றி அவர்தம் துணைவரும் பிள்ளைகளும் அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7 விழுக்காட்டிற்கு மேல் கிடைக்கலாகாது என்பது பொது விதி. இந்தியாவில் பிறந்தவர்கள் பல ஆண்டுகளாக, பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக, வரிசையில் நிற்பதற்கு இதுவே முதற் காரணம். கைக்குழந்தையாக இங்கு வந்த பிள்ளை, பெற்றோரின் முறை வருவதற்குள் 21 அகவையை எட்டிவிட்டால், சார்ந்திருப்போர் என்னும் தகுதியை இழக்கின்றது. வயதுக் கணக்கில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சிறு சலுகை எல்லோரையும் காப்பதில்லை. இந்நாட்டுப் பள்ளியில் படித்து, இந்நாட்டு மொழியில் கனவு காணும் அப்பிள்ளை மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அல்லது நினைவில் இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இந்த 7 விழுக்காட்டு வரம்பை வேலைவாய்ப்புப் பிரிவில் நீக்குவதற்கு இருமுறை நல்ல வாய்ப்பு வந்தது. இருமுறையும் அது கைநழுவியது. எப்படி நழுவியது என்று அறிந்துகொண்டால் அமெரிக்க அரசியலின் இயக்கம் முழுவதும் விளங்கிவிடும்.

முதல் முறை: 2013 சூன் 27 அன்று செனட் அவை, விரிவான குடிவரவுச் சீர்திருத்த முன்வரைவை 68-க்கு 32 என்னும் வாக்குகளில் நிறைவேற்றியது. இவ்வரம்பு நீக்கமும் அதனுள் இருந்தது. பிரதிநிதிகள் அவை அதை எடுத்துக்கொள்ளத் தயங்கியது. இந்நிலையில் 2014 சூன் 10 அன்று வர்சீனியா மாநிலத்தின் 7ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல், அதாவது பிரைமரி, நடைபெற்றது. அவையின் பெரும்பான்மைத் தலைவரும் அக்கட்சியின் அவை வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தவருமான எரிக் கேன்டர், அரசியலில் பெயர் அறியப்படாத பொருளியல் பேராசிரியர் டேவிட் பிராட் என்பவரிடம் தோற்றார். கேன்டர் தரப்பு 50 இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. பிராட் அதில் மிகச் சிறு பங்கையே செலவிட்டார். குடிவரவுச் சீர்திருத்தத்திற்குக் கேன்டர் இணங்கிவிடுவார் என்பதே அவர்மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டு. அத்தோல்விக்குப் பின் அக்கட்சியில் எவரும் அம்முன்வரைவைத் தொடத் துணியவில்லை. அம்மாத இறுதிக்குள், அவ்வாண்டு வாக்கெடுப்பே இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

அன்று அப்பிரைமரியில் வாக்களித்தோர் எத்தனை பேர் தெரியுமா? ஏறத்தாழ 65,000 பேர். வாக்கு வேறுபாடு ஏறத்தாழ 7,000. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தொகுதி அது. ரிச்மண்ட் நகரின் புறநகர்கள் பல அதில் அடங்கியிருந்தன. வர்சீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சி குறிக்கப்படுவதில்லை. பதிவு பெற்ற எந்த வாக்காளரும் அந்தப் பிரைமரியில் வாக்களித்திருக்க முடியும். நாடெங்கும் உள்ள நம் குடும்பங்களின் தலையெழுத்தில் பெரும் பகுதி, சூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பெரும்பாலோர் பொருட்படுத்தாத ஒரு தேர்தலில் எழுதப்பட்டது!

இரண்டாம் முறை: 2019 சூலை 10 அன்று பிரதிநிதிகள் அவை, நாட்டு வரம்பை நீக்கும் தனி முன்வரைவை 365-க்கு 65 என்னும் பெருவாரியான வாக்குகளில் நிறைவேற்றியது. இரு கட்சியினரும் ஆதரித்தனர். செனட்டில் யூட்டா மாநிலத்தின் மைக் லீ அதனை முன்னெடுத்தார். விவாதமின்றி ஒருமித்த இசைவால் நிறைவேற்ற முயன்றபோது, ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அது நின்றுபோகும் என்பது செனட்டின் நடைமுறை. ரேண்ட் பால், செவிலியர்க்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று தடுத்தார். டிக் டர்பின், இருப்பதைப் பங்கு மாற்றுவதை விட மொத்த எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று தடுத்தார். ஒவ்வொரு தடைக்கும் ஓர் உடன்பாடு, ஒவ்வோர் உடன்பாட்டிற்கும் ஒரு திருத்தம் என்று காலம் ஓடியது. 2020 திசம்பர் 2 அன்று செனட்டிலும் நிறைவேறியது. ஆனால் செனட்டின் வடிவமும் பிரதிநிதிகள் அவையின் வடிவமும் ஒன்றாக இல்லை. இரண்டையும் இணைக்க ஒரு மாதமே எஞ்சியிருந்தது. 2021 சனவரி 3 அன்று அந்தக் காங்கிரசின் காலம் முடிந்தது, முன்வரைவும் மாண்டது.

இரு அவைகளும் ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கை சட்டமாகவில்லை! இதனைச் சதி என்று கூறுவது எளிது. உண்மை வேறு. வரம்பு நீங்கினால் தங்கள் காத்திருப்பு நீளும் என்று அஞ்சிய பிற நாட்டினரும், செவிலியரை வரவழைக்கும் மருத்துவமனைகளும், குடிவரவைக் குறைக்க விரும்பும் அமைப்புகளும் தத்தம் உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டின. நம் பக்கத்திலும் உழைத்தவர்கள் உண்டு, அவர்களை மதிக்கின்றோம். ஆனால் வரிசையில் நின்றவர்களுள் பெரும்பாலோர் என்ன செய்தோம்? விசா அறிக்கை வெளிவரும் நாளில் தேதி எத்தனை வாரம் நகர்ந்தது என்று பார்த்தோம், பெருமூச்சு விட்டோம், வேலைக்குத் திரும்பினோம்.

மேலிடம் இல்லாத கட்சிகள்

நம் பிழையின் வேர் எங்கே உள்ளது? தாயகத்தில் பழகிய கணக்கை இங்கும் போடுகின்றோம். இந்தியாவில் கட்சித் தலைமை வேட்பாளரை அறிவிக்கின்றது. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்திற்குப் பின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே தலைவரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது அங்கே ஓரளவு பொருந்தும்.

இங்கே அக்கணக்கு செல்லாது. சனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் தேசியக் குழுக்கள் உண்டு. ஆனால் ஒரு தொகுதியில் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் மேலிடம் கிடையாது. பிரைமரியில் வாக்களிக்கும் மக்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கட்சியை மீறி வாக்களித்ததற்காக எந்த உறுப்பினரின் பதவியும் பறிபோவதில்லை. பெரும்பாலான தொகுதிகள் ஏதேனும் ஒரு கட்சியின் கோட்டையாகவே இருப்பதால், நவம்பர் தேர்தல் அங்கெல்லாம் வெறும் சடங்கு. உறுப்பினரின் உண்மையான எசமானர்கள் பிரைமரிக்கு வரும் அச்சிறு கூட்டத்தினரே.

2018 சூன் மாதம் நியூயார்க்கின் 14ஆவது தொகுதியில், சனநாயகக் கட்சியின் மூத்த தலைவர்களுள் ஒருவரான ஜோ கிராவ்லியை, 28 அகவையே ஆன அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். அவர் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 17,000 மட்டுமே. கொள்கையில் பிராட்டும் இவரும் இரு துருவங்கள். ஆனால் இருவரும் நுழைந்த கதவு ஒன்றே!

கதவு இன்னும் சிறியதாகவும் இருக்கக்கூடும். 2017 நவம்பரில் வர்சீனியா மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆவது தொகுதியில், மறு எண்ணிக்கைக்கும் நீதிமன்ற வழக்கிற்கும் பின், ஷெல்லி சைமண்ட்ஸ், டேவிட் யான்சி ஆகிய இருவருக்கும் தலா 11,608 வாக்குகள் என்று முடிவாயிற்று. 2018 சனவரி 4 அன்று ஒரு கிண்ணத்தில் பெயர்களை இட்டுக் குலுக்கி எடுத்தனர். யான்சி வென்றார். அவ்வொரு குலுக்கலால் அவையில் குடியரசுக் கட்சியின் 51-49 என்னும் பெரும்பான்மை நிலைத்தது. ஒரே ஒரு குடும்பம் அன்று வாக்குச்சாவடிக்குச் சென்றிருந்தால் கிண்ணத்திற்கே வேலை இருந்திருக்காது. "என் ஒரு வாக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்போருக்கு இதை விட வேறு விடை வேண்டுமா?

ஆர்மீனியரிடம் கற்போம்

குழுக்களின் அரசியல் என்றவுடன் பலருக்குப் பணமூட்டைகளே நினைவுக்கு வருகின்றன. பணம் பேசுகின்றது என்பதில் ஐயமில்லை. 2010ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் உருவான சூப்பர் பாக் அமைப்புகள் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவிடலாம். நம்மால் அவர்களோடு பணத்தில் போட்டியிட முடியாது. ஆனால் குழு என்பது பணத்தால் மட்டும் ஆவதில்லை. மனிதர்கள் நலன்களால் பிரிந்து குழுக்களாக மோதிக்கொள்வர்; அதைத் தடுக்க முடியாது; ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும்படி அமைப்பை வகுக்கலாம் என்பது 1787இல் ஜேம்ஸ் மேடிசன் முன்வைத்த வாதம். இந்நாட்டின் அரசமைப்பு, குழுக்கள் உண்டு என்ற எண்ணத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. குழுவாக வராதவனுக்கு அதில் இருக்கை இல்லை.

ஆர்மீனிய அமெரிக்கர்களைப் பாருங்கள். 1915 முதல் ஒட்டோமான் அரசு நிகழ்த்திய பேரழிப்பை இனப்படுகொலை என்று அமெரிக்கா ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. எதிர்ப்பக்கத்தில் நேட்டோ கூட்டாளியான துருக்கியும், அது அமர்த்திய ஆதரவு திரட்டும் நிறுவனங்களும், வெள்ளை மாளிகையும் நின்றன. 2000ஆம் ஆண்டில் தீர்மானம் வாக்கெடுப்பின் வாயில்வரை வந்து, அதிபர் கிளின்டனின் வேண்டுகோளால் திரும்பப் பெறப்பட்டது. 2007இல் வெளியுறவுக் குழுவில் 27-21 என்று நிறைவேறி, அதிபர் புஷ் அரசின் எதிர்ப்பால் முடங்கியது. அவர்கள் ஓயவில்லை. கலிபோர்னியாவின் கிளென்டேல் பகுதியில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். அங்கே எக்கட்சிக்காரர் நின்றாலும் இக்கோரிக்கையை ஏற்காமல் வெல்ல இயலாது என்ற நிலையை உருவாக்கினர். 2000இல் அத்தீர்மானத்திற்காகப் போராடியவர் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் ரோகன். அவரைத் தோற்கடித்து வந்த சனநாயகக் கட்சியின் ஆடம் ஷிஃப்பும் அதே கொடியைத்தான் தூக்கினார்! ஆள் மாறினார், கட்சி மாறியது, கோரிக்கை மாறவில்லை. 2019 அக்டோபர் 29 அன்று பிரதிநிதிகள் அவை 405-11 என்று தீர்மானத்தை நிறைவேற்றியது. திசம்பர் 12 அன்று செனட் ஒருமித்த இசைவளித்தது. 2021 ஏப்ரல் 24 அன்று அதிபர் பைடன் அச்சொல்லைத் தம் அறிக்கையில் பயன்படுத்தினார்.

ஈழத்தமிழர்க்கு நீதி கேட்கும் நாம், ஒரு தீர்மானம் அவையில் முன்வைக்கப்பட்டாலே வெற்றி என்று இனிப்பு வழங்குகின்றோம். ஒவ்வொரு காங்கிரசிலும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட முன்வரைவுகளும் தீர்மானங்களும் முன்வைக்கப்படுகின்றன. மிகப் பெரும்பாலானவை குழு அறையிலேயே உறங்கிவிடுகின்றன. முன்வைப்பது தொடக்கம் மட்டுமே.

சாக்குப்போக்குகள் போதும்

"நாம் சில இலட்சம் பேர்தாம், நம்மால் என்ன முடியும்?" என்பர். நாடு முழுவதற்கும் நாம் சிறுபான்மையே. ஆனால் நியூ செர்சியின் எடிசனிலும், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டிலும், டாலசின் வடபுறநகர்களிலும், வர்சீனியாவின் ஆஷ்பர்னிலும் நம்மவர் செறிந்துள்ளனர். 7,000 வாக்கில் முடிவாகும் போட்டிக்கு நாம் சிறு கூட்டமா?

"நம்மவர் ஒருவர் உயர்ந்தால் போதும்" என்பர். தமிழகத்தில் வேர்கொண்ட தாயின் மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை துணை அதிபராக இருந்தார். துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தோம். அந்நான்கு ஆண்டுகளிலும் நாட்டு வரம்பு நீங்கவில்லை. இது அவர்மீது குறை கூறுவதாகாது. எந்தப் பதவியாளரும் தமக்கு வாக்களித்த, உழைத்த, கேள்வி கேட்கும் கூட்டத்திற்கே விடை சொல்வார். குருதி உறவு கணக்கில் வராது.

"அரசியல் நமக்கு வேண்டாம், பிள்ளை படிப்பைப் பார்க்கட்டும்" என்பர். அரசியல் உங்களை விட்டதா? 2015 மே மாதம் எச்-4 துணைவர் சிலருக்கு வேலை உரிமை வந்தது அரசு விதி ஒன்றினால். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது ஒரே கையெழுத்தினால். நீங்கள் ஒதுங்கியிருந்தாலும் முடிவுகள் உங்கள் வீட்டுக்குள் வருகின்றன.

யார் என்ன செய்யலாம்?

பொறியாளர்கள் நாம். அமைப்பு எப்படி இயங்குகின்றதோ அதற்கேற்பவே வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்போர்: வாக்களிக்கக் கூடாது, வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. வேறொருவர் பெயரில் கொடுப்பதும் குற்றமே. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தவறியும் குறியிடாதீர்கள். நாடு கடத்தப்படும் நிலைகூட வரலாம். ஆனால் பேசும் உரிமையும் முறையிடும் உரிமையும் உங்களுக்கும் உண்டு. உங்கள் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்திற்குச் சென்று குடும்ப நிலையை எடுத்துரைக்கலாம். புதிய விதிகளை முன்மொழியும்போது அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும், அங்கே எழுதலாம்.

கிரீன் கார்டு பெற்றோர்: சட்ட வரம்புக்கு உட்பட்டு நன்கொடை தரலாம், பரப்புரையில் உழைக்கலாம். வாக்குரிமை இல்லை. ஐந்தாண்டு நிறைந்தும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் "ஊரில் நிலம் இருக்கிறதே" என்று தள்ளிப்போடுவோர் பலர். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதும், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டையைக் கொண்டு வேளாண் நிலம் வாங்க முடியாது என்பதும் உண்மையே. இழப்பைக் கணக்கிடுங்கள், வாக்கில்லாமல் கழியும் ஆண்டுகளின் இழப்பையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

குடிமக்கள்: நவம்பரோடு நில்லாமல் பிரைமரியிலும் பள்ளி வாரியத் தேர்தலிலும் வாக்களியுங்கள். கட்சிப் பதிவு தேவைப்படும் மாநிலங்களில் காலக்கெடுவிற்குள் பதியுங்கள். இரு கட்சிகளிலும் வட்ட அளவிலான குழுப் பதவிகள் பல ஊர்களில் ஆளின்றிக் கிடக்கின்றன, அவற்றில் அமருங்கள். ஒரு தொகுதியின் உறுப்பினர் தம் தொகுதிக்காரரின் குரலுக்கே செவிசாய்ப்பார். இருபது மாநிலத்தார் சேர்ந்து "தமிழருக்கு வேண்டிய" ஒரே உறுப்பினருக்கு மடல் எழுதுவதை விட, இருபது தொகுதிகளில் பத்துப் பத்துப் பேர் தத்தம் உறுப்பினரைச் சந்திப்பதே பயன் தரும்.

இளைஞர்கள்: 18 அகவை நிறைந்த குடிமகனுக்கு 1971ஆம் ஆண்டின் 26ஆவது திருத்தம் வாக்குரிமையை உறுதி செய்தது. அதற்கு முன்பே கலிபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் வாக்குச்சாவடிப் பணியாளராகலாம். உறுப்பினர் அலுவலகங்களில் பயிற்சிப் பணி பெறுங்கள். மடல்களுக்கு விடை எழுதுவோரும் சட்டக் குறிப்புகளைத் தயாரிப்போரும் பெரும்பாலும் உங்களைப் போன்ற இளையோரே. ஈழம் பற்றிப் பேசுவோர் ஒரு சட்ட எல்லையையும் அறிக. 2010ஆம் ஆண்டில் ஹோல்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட அமைப்போடு இணைந்து செய்யும் உதவி, அறவழிப் பயிற்சியே ஆயினும், குற்றமாகும் என்று 6-3 எனத் தீர்ப்பளித்தது. தன்னிச்சையாகக் கருத்துரைப்பதும் எழுதுவதும் முறையிடுவதும் அச்சட்டத்தின் தடைக்குள் வரமாட்டா. எல்லையை அறிந்தவனே அச்சமின்றிப் பேசுவான்.

தமிழ்ச் சங்கங்கள்: வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கலாகாது. ஆனால் கட்சி சாராமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்கலாம். பட்டிமன்றத்திற்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த நமக்கு இது அரிதா?

பிரதிநிதிகள் அவையின் 435 இடங்களுக்கும் ஈராண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருகின்றது. உங்கள் மாநிலத்தின் அடுத்த பிரைமரி எந்த நாளில்? உங்கள் தொகுதி எண் என்ன? உங்கள் இல்லத்தில் வாக்குரிமை உள்ளோர் எத்தனை பேர், பதிந்தோர் எத்தனை பேர்? இம்மூன்று கேள்விகளுக்கும் இன்றிரவு உணவு மேசையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடை காணுங்கள். விடை தெரியாத வீட்டிற்கு எந்தத் தலைவரும் அஞ்சமாட்டார்.

வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு 21 அகவை வரும் நாள் எவருக்காகவும் நிற்காது. எழுவோம்! பதிவோம்! வாக்களிப்போம்!